பிஎஸ்ஏ பான்டம் டி1: பெயின்ட்ட விடுங்க, முதல்ல ஆயில் சீலைப் பாருங்க

பழைய பிரிட்டிஷ் பைக் ஒண்ணு வாங்கி வீட்லயே ரெடி பண்ணணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல போய் நிக்கிறது ட்ரையம்ஃப் பொன்வில், நார்ட்டன் கமாண்டோ மாதிரி பெரிய ட்வின் சிலிண்டர் வண்டி முன்னாடிதான். நான் இங்க இங்கிலாந்துல வீட்டு கராஜ்ல வேலை பண்ணிப் பாத்து சொல்றேன், முதல் வண்டியா பிஎஸ்ஏ பான்டம் டி1 எடுங்க. 123 சிசி டூ ஸ்ட்ரோக், வால்வு கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது, மொத்த இஞ்சினையும் ஒரே ஆள் தூக்கி பெஞ்ச் மேல வச்சிடலாம், முக்கால்வாசி பார்ட்ஸ் இன்னைக்கும் புதுசா செஞ்சு விக்கிறாங்க.

இதோட பூர்வீகம் ஜெர்மனி. டிகேடபிள்யூ ஆர்டி 125ங்கிற வண்டியோட டிராயிங், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் நஷ்டஈட்டுக் கணக்குல பிரிட்டனுக்கு வந்துச்சு, பர்மிங்காம் ஸ்மால் ஹீத்ல இருந்த பிஎஸ்ஏ அதை கண்ணாடில பாக்குற மாதிரி இடம் வலம் மாத்தி, கியர் லீவர் வலது கால்ல வர்ற மாதிரி பண்ணி 1948ல வெளியில விட்டாங்க. தபால் ஆபீஸ்ல தந்தி கொண்டு போற பசங்க சிவப்பு பான்டம்ல சுத்துனதை இங்க வயசானவங்க இன்னும் சொல்லுவாங்க. அதே ஜெர்மன் வண்டியை வச்சுதான் யமஹாவும் 1955ல தன்னோட முதல் பைக் ஒய்ஏ-1 செஞ்சுது, அதனால ஊர்ல ஆர்எக்ஸ் 100 பிரிச்சுப் பழகினவங்களுக்கு இந்த இஞ்சினைத் திறந்தா தூரத்து சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கும்.

வாங்கறப்போ பளபளப்பைப் பாக்காதீங்க. கிக்கர் சுத்துதா, மூணு கியரும் விழுதா, கிராங்க்கேஸ்ல (இஞ்சினோட அடிப்பெட்டி) வெல்டிங் தழும்பு இருக்கா, செயின் அறுந்து அடிச்ச இடம் உடைஞ்சிருக்கா, இதைப் பாருங்க. நம்பர் பாருங்க, ஆரம்ப வண்டிங்க ஒய்டின்னு ஆரம்பிக்கும். இஞ்சின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒண்ணா இல்லையேன்னு பயப்பட வேண்டாம், இந்த வண்டிக்கு ஃபேக்டரிலேயே ரெண்டும் வேற வேறதான். ஆனா பேப்பர்ல இருக்கிற நம்பரும் வண்டில இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும், அதுல விட்டுக்கொடுக்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபோனை எடுங்க. நாலு பக்கமும் போட்டோ, கேபிள் எந்த வழியா போகுது, எந்த வாஷர் எந்தப் பக்கம், வீல் ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல எத்தனை மில்லி ஆஃப்செட், எல்லாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி டப்பா, டப்பா மேல பேர். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்பேசரைக் கையில வச்சுக்கிட்டு இது எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிக்கிறப்போதான் அந்த போட்டோவோட அருமை தெரியும்.

அடுத்தது டூல். நம்மகிட்ட இருக்கிற 10, 12, 14 ஸ்பேனர் எதுவும் இதுக்கு ஆகாது. இது விட்வர்த் கணக்கு, ஸ்பேனர் மேல போட்டிருக்கிற அளவு நட்டோட அகலம் கிடையாது, போல்ட்டோட தடிமன். 1/4 விட்வர்த்னு போட்ட ஸ்பேனரோட வாய் கிட்டத்தட்ட 13.3 மில்லி, 13 உள்ள போகாது, 14 போட்டா வழுக்கி நட்டோட முனையை மழுங்கடிச்சிடும். அதே ஸ்பேனர்தான் 5/16 பிஎஸ்எஃப் (இன்னொரு பிரிட்டிஷ் மரை வகை) போல்ட்டுக்கும். 3/16, 1/4, 5/16 இந்த மூணு விட்வர்த் அளவு இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும், ஸ்டாஃபோர்ட்ல ஏப்ரல், அக்டோபர்ல நடக்குற கிளாசிக் பைக் ஷோவுக்குப் போனா பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரைக் குவிச்சு வச்சு விப்பாங்க, நம்ம புதுப்பேட்டை மாதிரி கிளறி எடுக்கணும். கூட ஒரு இம்பாக்ட் டிரைவர் (சுத்தியல்ல தட்டினா திரும்பற ஸ்க்ரூடிரைவர்) கண்டிப்பா வேணும், இஞ்சின் கவர் ஸ்க்ரூ எல்லாம் தட்டை வெட்டு உள்ளது, பல வருஷமா அலுமினியத்தோட ஒட்டிப்போய் இருக்கும், சாதா ஸ்க்ரூடிரைவர் போட்டா தலை போயிடும். ஒரு ராத்திரி முழுக்க பெனட்ரேட்டிங் ஆயில் ஊற விட்டு, மறுநாள் கொஞ்சம் சூடு காட்டி, அப்புறம் தட்டுங்க.

இஞ்சின்தான் முக்கியமான இடம், இங்க நேரம் செலவு பண்ணுங்க. டூ ஸ்ட்ரோக்ல கிராங்க்கேஸ் வெறும் இரும்பைத் தாங்குற பெட்டி கிடையாது, அதுவே ஒரு பம்ப். பிஸ்டன் மேல போறப்போ பெட்ரோல் கலவையை உள்ள இழுக்குது, கீழ வர்றப்போ அதை அழுத்தி சிலிண்டருக்கு அனுப்புது. அந்தப் பெட்டில ஊசி ஓட்டை இருந்தாலும் பம்ப் வேலை கெட்டுடும், அந்த ஓட்டை பெரும்பாலும் இருக்கிறது கிராங்க் ரெண்டு பக்கமும் வர்ற ஆயில் சீல்லதான். ஐம்பது அறுபது வருஷம் ஆன ரப்பர் கல்லு மாதிரி ஆயிருக்கும். கிளட்ச் பக்க சீல் போச்சுன்னா கியர்பாக்ஸ் ஆயிலை இஞ்சின் உறிஞ்சிடும், வெள்ளைப்புகை கக்கும், ஆயில் எங்க போகுதுன்னே தெரியாம குறையும். மேக்னெட்டோ (பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற பாகம்) பக்க சீல் போச்சுன்னா வெளிக்காத்து உள்ள போகும், ஐடில்ல நிக்காது, கலவை மெலிஞ்சு சூடு ஏறி பிஸ்டன் பிடிச்சிடும்.

என்னோட முதல் பான்டம்ல இதைத்தான் விட்டேன், சீல் பாக்க நல்லா இருந்துச்சேன்னு அப்படியே மாட்டிட்டு, ரெண்டு மாசம் கார்புரேட்டரையே கழட்டி கழட்டி ஜெட் மாத்திக்கிட்டு இருந்தேன், கடைசில ரெண்டு சீல் மாத்தினதும் ரெண்டாவது கிக்ல ஸ்டார்ட் ஆகி ஐடில்ல நிதானமா ஓடிச்சு. அதனால ஓடுற இஞ்சினா இருந்தாலும் கிராங்க்கேஸைப் பிரிச்சு சீலும் மெயின் பேரிங்கும் புதுசு போடுங்க.

பிரிக்கறப்போ மேக்னெட்டோவோட சுத்துற பாகத்துக்கு சரியான புல்லர் போடுங்க, சுத்தியல் வேண்டவே வேண்டாம், அடி விழுந்தா காந்தமும் போகும், கிராங்க்கும் கோணும். கிளட்ச்ல ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறதுக்குன்னு தனி டூல் இருக்கு, அதை வாங்கிடுங்க. கார்க் தக்கை பதிச்ச கிளட்ச் பிளேட், தக்கை தேய்ஞ்சு பிளேட்டோட சமமா வந்திருந்தா மாத்தணும், புதுசு போடறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க ஆயில்ல ஊறப்போடுங்க. கிராங்க்கேஸ் ரெண்டு பாதியையும் நடுவுல ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. அந்த முகம் கீறிட்டா அதுவே இன்னொரு ஓட்டை. சூடு பண்ணி, மரச்சுத்தியல்ல மெதுவா தட்டினா பிரியும். புது பேரிங் போடறப்போ பேரிங்கை ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சிட்டு, கிராங்க்கேஸை ஓவன்ல நூறு டிகிரி வரைக்கும் சூடு பண்ணினா பேரிங் தானா உள்ள உக்காரும்.

கிராங்க் மட்டும் வீட்டு வேலை கிடையாது. கனெக்டிங் ராடை மேலேயும் கீழேயும் இழுத்துப் பாருங்க, பக்கவாட்டுல கொஞ்சம் ஆடினா பரவாயில்ல, மேல கீழ லேசா டக்குனு தட்டினாகூட பிக் எண்ட், அதாவது ராடோட கீழ்முனை பேரிங், போச்சு. அது பிரஸ் பண்ணி சேத்த கிராங்க், பிரிச்சு சேக்க ஹைட்ராலிக் பிரஸ் வேணும், சேத்தப்புறம் சென்டர்ல வச்சு நேரா இருக்கான்னு டயல் கேஜ்ல பாக்கணும், அதுக்குன்னு இருக்கிறவங்ககிட்ட கொடுத்துடுங்க. சிலிண்டர் 52 மில்லி போர், தேய்ஞ்சிருந்தா ரீபோர், அதாவது கடைஞ்சு கொஞ்சம் பெருசாக்கணும். பிஸ்டனை முதல்ல வாங்கிட்டு, அதைக் கையில கொண்டு போய்க் கொடுத்து அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க. ரிங் முனை இடைவெளி 8 தௌ, அதாவது ஒரு இன்ச்சை ஆயிரமா பிரிச்சா அதுல எட்டு பங்கு, இருக்கான்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. ரிங் பள்ளத்துல சின்ன பின் இருக்கும், ரிங்கோட வாய் அந்த பின் மேல சரியா உக்காந்தப்புறம்தான் சிலிண்டரை இறக்கணும். பிஸ்டன் பின்னைப் பிடிச்சு வைக்கிற பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீங்க, அது கழண்டா சிலிண்டரைக் கிழிச்சிடும்.

எல்லாம் சேத்தப்புறம் ஒரு டெஸ்ட் கட்டாயம். எக்ஸாஸ்ட் வாயையும் கார்ப் வர்ற வாயையும் ரப்பர் வச்சு அடைச்சு, பிளக் ஓட்டையில ஒரு அடாப்டர் மாட்டி, கைப்பம்ப்ல 5 பிஎஸ்ஐ காத்து ஏத்துங்க. அதுக்கு மேல வேண்டாம், சீல் உதடு திரும்பிக்கும். பிரஷர் கேஜ் முள்ளு அப்படியே நின்னா ஜெயிச்சீங்க, இறங்கினா சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி எங்கன்னு அதுவே காட்டும். இந்த அரை மணி நேர வேலையை பலபேர் செய்யறதே இல்ல.

கரன்ட் வேலைக்கு வருவோம். பெரும்பாலான டி1ல விப்பாக் மேக்னெட்டோ. பாயின்ட் (கரன்ட்டைத் துண்டிச்சு பிளக்ல பொறி வர வைக்கிற சின்ன ஸ்விட்ச்) இடைவெளி 15 தௌ, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 5/32 இன்ச், அதாவது சுமார் 4 மில்லி முன்னாடி பாயின்ட் திறக்க ஆரம்பிக்கணும். பிளக் ஓட்டை வழியா டெப்த் கேஜ் விட்டு, பாயின்ட் நடுவுல சிகரெட் பேப்பர் மாதிரி மெல்லிசான தாளை வச்சு இழுத்துக்கிட்டே இஞ்சினைச் சுத்துங்க, தாள் நழுவற அந்த நொடிதான் பாயின்ட் திறக்கிற இடம். பிளக்குக்கு என்ஜிகே பி6ஹெச்எஸ் சரியா இருக்கும். பாயின்ட்ல நீலமா பெரிய பொறி வந்தா கண்டென்சரை மாத்துங்க. குளிர்ல நல்லா ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிஷம் ஓடி சூடானதும் நின்னு, ஆறினதும் திரும்ப ஸ்டார்ட் ஆகுதுன்னா இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்க.

பெட்ரோல் டேங்க் உள்ள துரு இல்லாம இருக்காது. வாஷிங் சோடாவைத் தண்ணில கரைச்சு டேங்க் நிறைய ஊத்தி, நடுவுல ஒரு சாதா இரும்புக் கம்பியை டேங்க்கைத் தொடாம தொங்க விட்டு, பழைய பேட்டரி சார்ஜரோட பிளஸ்ஸை கம்பிக்கும் மைனஸை டேங்க்குக்கும் கொடுங்க. ஒரு நாள் விட்டா துரு கழண்டு வந்துடும். எவர்சில்வர் கம்பி போடவே கூடாது, விஷமான குரோமியம் வெளிவரும். ஹைட்ரஜன் வேற வரும், அதனால வெளியில காத்தோட்டமா வச்சுப் பண்ணுங்க, பக்கத்துல பீடி சிகரெட் எதுவும் கூடாது. ஓட்டை இருக்குன்னு பெட்ரோல் டேங்க்கை நீங்களே வெல்டிங் பண்ணாதீங்க, காலி டேங்க்தான் வெடிக்கும்.

சைலன்சர் அடைப்பையும் பாருங்க, வண்டி இழுக்கலைன்னா பாதி நேரம் அதுதான் காரணம், எக்ஸாஸ்ட் வாயில படிஞ்ச கரியை மரக்குச்சியால சுரண்டி எடுங்க, பிஸ்டன் அலுமினியம், அதுல இரும்பு படக்கூடாது. பழைய பிரேக் ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு இருக்கு, காத்து அடிச்சு தூசு கிளப்பாம மாஸ்க் போட்டு ஈரத்துணில தொடச்சு எடுங்க, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், அதையும் ஈரம் பண்ணித்தான் தேய்க்கணும். வீட்ல குழந்தைங்க இருந்தா இந்த ரெண்டுலயும் அலட்சியமே வேண்டாம்.

ஃபோர்க் புஷ், வீல் பேரிங், ஸ்டீரிங் பால் எல்லாம் பிரிச்சு, தேய்ஞ்சதை மாத்தி கிரீஸ் வச்சு மூடுங்க, இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. டயர் 2.75-19, வருஷக்கணக்கா நின்ன டயர்ல எவ்வளவு பட்டன் இருந்தாலும் அதுல ஓட்டாதீங்க.

பெயின்ட் கடைசில. டி1க்கு மிஸ்ட் க்ரீன் கலர், டேங்க் பக்கத்துல ஐவரி பேனல். ஆனா நான் சொல்றது, பழைய பெயின்ட் ஓரளவு ஒட்டிக்கிட்டு இருந்தா தொடாதீங்க, மெழுகு போட்டு விடுங்க. ஒருத்தர் எழுபது வருஷமா முழங்கால் வச்சு தேய்ச்ச அந்த இடம் திரும்ப வராது. முதல்ல பெயின்ட் அடிச்சிட்டு அப்புறம் இஞ்சின் பிரிக்கிறவங்க வண்டி எல்லாம் கீறலோட பாதில நின்னு விலைக்கு வர்றதை நான் நிறையப் பாத்திருக்கேன்.

இனி ஸ்டார்ட் பண்ணலாம். இங்க சாதா பெட்ரோல் 2021ல இருந்து இ10, எத்தனால் அதிகம், பழைய ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும், அதனால சூப்பர் அன்லெடட் இ5 ஊத்துங்க, பெட்ரோல் ட்யூபையும் எத்தனால் தாங்குறதா மாத்திடுங்க. ஆயில் நான் லிட்டருக்கு 40 மில்லி கலக்கிறேன், நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில். கலவையைத் தனி கேன்ல நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க, டேங்க்ல நேரா ஆயிலை விட்டா அடில போய் ஜெட்டை அடைக்கும். டிக்ளரை (கார்ப் மேல இருக்கிற சின்ன பட்டன்) அழுத்தி கார்ப் லேசா நனையிற வரைக்கும் பிடிச்சு, ரெண்டு தடவை சும்மா கிக் பண்ணி, அப்புறம் நல்லா ஒரு கிக். முதல் அஞ்சு நிமிஷம் புகை நிறைய வரும், சேக்கறப்போ தடவின ஆயில் எரியுது, அது அடங்கிடும்.

ரீபோர் பண்ணின இஞ்சினை முதல் 500 மைல் முப்பது மைல் வேகத்துக்கு மேல விரட்டாதீங்க, நீளமான மேட்டுல திராட்டிலை முழுசா திருகி வச்சுக்கிட்டே ஏறாதீங்க. நீளமான இறக்கத்துல திராட்டிலை முழுசா மூடினா பெட்ரோலோட ஆயிலும் நின்னுடும், அதனால அப்பப்போ லேசா ஒரு தடவை திறந்து விடுங்க. அம்பது மைல் போனதும் இஞ்சின் ஆறினப்புறம் ஹெட் நட்டு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு, கியர்பாக்ஸ் ஆயிலை மாத்திடுங்க.

பேப்பர் விஷயத்தை இதுக்கு நடுவுலயே ஓட்டுங்க, நேரம் எடுக்கும். வி5சி (நம்ம ஊர் ஆர்சி புக் மாதிரி) இல்லாத வண்டின்னா விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்ல டேட்டிங் சர்டிஃபிகேட் (வண்டி எந்த வருஷத்துதுன்னு சொல்ற சான்று) வாங்கி, இங்க வண்டி பதிவு பண்ற அரசு ஆபீஸான டிவிஎல்ஏக்கு அனுப்பினா வயசுக்கு ஏத்த நம்பர் கொடுப்பாங்க, பழைய லாக்புக் இருந்தா வி765 ஃபாரம் போட்டு அந்த பழைய நம்பரையே திரும்ப வாங்க முயற்சி பண்ணலாம். 40 வருஷம் தாண்டினதால பெரிய மாற்றம் பண்ணாத வண்டிக்கு வரியும் கிடையாது, எம்ஓடியும் (வருஷா வருஷம் பண்ற வண்டி தகுதி சோதனை) கட்டாயம் கிடையாது. இருந்தாலும் நான் முதல் தடவை ரோட்ல எடுக்கறதுக்கு முன்னாடி எம்ஓடி போட்டுட்டுதான் எடுப்பேன், பிரேக்கையும் ஃபோர்க்கையும் இன்னொரு ஜோடி கண்ணு பாக்கட்டும்.