மருந்துக்கு அடங்காத கிருமிகளை வருடா வருடம் கணக்கு வைப்பது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்ச்சர் போடுகிற (சாம்பிளில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற) எந்த லேபுக்குப் போனாலும் ஒரு தடிமனான ரெஜிஸ்டர் இருக்கும். யாருக்கு என்ன கிருமி, எந்த ஆன்டிபயோட்டிக் கேட்கும், எது கேட்காது என்று தினமும் எழுதுகிறோம். ரிப்போர்ட் வார்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கைவிட்டுப் போகிறது என்பதை அந்த ரெஜிஸ்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். எண்ணுகிற முறை சரியாக இருந்தால் போதும்.

எக்செல் போதும். இன்னும் வசதி வேண்டுமென்றால் ஹூநெட் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இதற்கென்றே உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது, இலவசம். ஒவ்வொரு வரியிலும் நோயாளி எண், பெயர், வயது, ஊர், வார்டு, அட்மிஷன் தேதி, சாம்பிள் எடுத்த தேதி, சாம்பிள் வகை, கிருமியின் பெயர், அப்புறம் ஒவ்வொரு மருந்துக்கும் ஸோன் (பிளேட்டில் மருந்து டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம்) எத்தனை மில்லிமீட்டர் என்பது.

அந்த மில்லிமீட்டரை விட்டுவிடாதீர்கள். 'கேட்கும்', 'கேட்காது' என்று மட்டும் எழுதி வைத்தால், விதி மாறும்போது பழைய கணக்கு முழுக்க வீணாகிவிடும். மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயோட்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளெப்சியெல்லா, ஈ.கோலை வகைக் கிருமிகளுக்கு 16 மில்லிமீட்டர் ஸோன் இருந்தாலே கேட்கும் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். 2010-இல், இந்த அளவுகளை வகுக்கிற அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ அதை 23 ஆக்கியது, 19-உம் அதற்குக் கீழும் இருந்தால் கேட்காது. அதாவது 18 மில்லிமீட்டர் ஸோன் 2009-இல் கேட்கும், இன்றைக்குக் கேட்காது. கிருமி மாறவே இல்லை, நாம் அளக்கிற கோடுதான் மாறியது. அளவு கையில் இருந்தால் எல்லா வருடத்தையும் இன்றைய விதியிலேயே திரும்பப் பார்க்கலாம். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயோட்டிக்கை மட்டும் டிஸ்க் வைத்துப் பார்த்துக் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்த மருந்து பிளேட்டில் இருக்கிற அகார் ஜெல்லியில் சரியாகப் பரவாது.

அடுத்தது, பிளேட்டை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். நான் முதன்முதலாகக் கணக்கு போட்ட வருடம் 50 கிளெப்சியெல்லா ரிப்போர்ட், அதில் 20-க்குத்தான் மெரோபெனம் கேட்டது, 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், கேட்காத 30-இல் 11 ரிப்போர்ட் ஐசியுவில் நெடுநாள் கிடந்த ஒரே நோயாளியுடையது. அவரை ஒரு ஆளாக எண்ணினால் மொத்தம் 40, கேட்டது 20, அதாவது 50 சதவீதம். என் தவறான எண்ணை நம்பி ஒரு டாக்டர் தேவையில்லாமல் இன்னும் பெரிய மருந்துக்குப் போயிருக்கலாம் என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. ஆகவே ஒரு நோயாளி, ஒரு கிருமி, ஒரு வருடம் என்றால் முதலில் வந்த ஐசொலேட் (சாம்பிளிலிருந்து பிரித்தெடுத்த கிருமி) மட்டும்தான். ஐபி எண்ணை (உள்நோயாளி எண்ணை) நம்பி இதைச் செய்யாதீர்கள், ஒவ்வொரு அட்மிஷனுக்கும் அது புதிதாக விழும். பெயரை மட்டும் நம்பினாலும் சிக்கல், நம்ம ஊரில் ஒரே வார்டில் மூன்று செல்வராஜ் இருப்பார்கள். வயதையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கள்.

நோய் இல்லாமலே கிருமி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கிரீனிங்குக்காக எடுத்த ஸ்வாப்களைத் தள்ளிவிடுங்கள், அவை நோயைச் சொல்வதில்லை. ஒரு கிருமிக்கு 30 ஐசொலேட்டாவது இல்லையென்றால் சதவீதம் போடாதீர்கள், சின்ன ஆஸ்பத்திரி என்றால் இரண்டு வருடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப் போட்டாலும் எண்ணை அளவோடு நம்புங்கள்: 40-இல் 20 என்றால் உண்மை நிலவரம் 35 சதவீதத்துக்கும் 65 சதவீதத்துக்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். போன வருடம் 54, இந்த வருடம் 50 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், மூன்று நான்கு வருடம் ஒரே பக்கமாகச் சரிந்தால் கவலைப்படுங்கள்.

ஐசியு, வார்டு, ஓபி மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள், கலந்தால் ஒன்றும் தெரியாது. கிருமி வெளியிலிருந்து வந்ததா, ஆஸ்பத்திரியில் ஒட்டியதா என்று தெரிய, அட்மிஷன் ஆகி 48 மணி நேரத்துக்குள் எடுத்த சாம்பிளா, பிறகு எடுத்ததா என்றும் பிரியுங்கள். ஆனால் நம்ம மாவட்டத்துக்கு அது மட்டும் போதாது. திருவனந்தபுரத்தில் பத்து நாள் கிடந்துவிட்டு களியக்காவிளை தாண்டி வந்து இங்கே சேர்கிறவர்கள் எத்தனை பேர்! முதல் நாள் சாம்பிளில் வந்தாலும் அந்தக் கிருமி வீட்டிலிருந்து வந்தது இல்லை. மூன்று மாதத்துக்குள் வேறு எங்காவது அட்மிஷன் உண்டா என்று சிஸ்டர்களிடம் சொல்லிக் கேட்கச் செய்து, அதற்கும் ஒரு பத்தி வையுங்கள்.

இவ்வளவு நேரம் சொன்னது வருடக் கணக்கு. வாரா வாரமும் ஒருமுறை பட்டியலை வார்டு வாரியாகப் பாருங்கள். ஒரே வார்டில் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே கிருமி, எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி விடை என்றால், அது ஒரே ஸ்ட்ரெயின் (ஒரே கிருமியின் வாரிசுகள்) கையிலிருந்து கைக்குப் போவதாக இருக்கலாம். இதற்கு முதல் ஐசொலேட் விதி கிடையாது, எல்லாவற்றையும் பாருங்கள். உடனே இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சிஸ்டருக்குச் சொல்லுங்கள், அந்த ஐசொலேட்களை கிளிசரால் குழம்பில் மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். ஒரே ஸ்ட்ரெயின்தானா என்பதை மரபணு வரிசை பார்க்கிற பெரிய லேப்தான் உறுதியாகச் சொல்ல முடியும், தூக்கி எறிந்த பிளேட்டை அவர்களாலும் பார்க்க முடியாது.

கடைசியில் எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும். ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் எத்தனை ஐசொலேட், எந்த வருட விதி என்று எழுதி, ஐசியு டியூட்டி ரூமில் இரவு டியூட்டி டாக்டர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள், ஜனவரியில் புதியது வந்ததும் பழையதைக் கிழித்து எடுங்கள்.