ஜெர்மனியில் 50 சிசி ஸ்கூட்டர் வாங்கி இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

லைப்சிக் நகரில் எனக்கு அதிகாலை ஷிஃப்ட். முதல் டிராமை நம்பிப் போனால் தாமதமாகிவிடும். கார் வாங்க வசதி இல்லை. அதனால் 50 சிசி ஸ்கூட்டர் தேடத் தொடங்கினேன். ஊர்ப் பழக்கத்தில், பதிவு செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகம் எங்கே என்று விசாரித்தேன். இந்த வகை வண்டிக்குப் பதிவும் இல்லை, சாலை வரியும் இல்லை, கார்களுக்கு நடப்பதுபோன்ற தகுதிச் சோதனையும் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் தரும் சிறிய தகடு ஒன்றே போதும். ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே இன்சூரன்ஸைப் புரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

படி 1: உரிமம் செல்லுமா?

மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் 50 சிசி வண்டிக்கு ‘ஏஎம்’ பிரிவு உரிமம் வேண்டும். ஜெர்மன் கார் உரிமத்திலேயே அது அடங்கியிருக்கிறது. இந்திய, இலங்கை உரிமங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதங்களுக்குத்தான் செல்லும். ஜெர்மன் மொழிபெயர்ப்பும் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் பல ஆண்டுகள் பைக் ஓட்டிய அனுபவத்தைக் காவலரிடம் சொல்லிப் பயனில்லை.

125 சிசி வேண்டுமென்றால் விதிகள் வேறு. அதற்குத் தனி உரிமம், முறையான பதிவு இரண்டும் தேவை. புதிதாக வந்தவர்களுக்கு 50 சிசியே போதும் என்பது என் கருத்து.

படி 2: வண்டிக்கு முன் காகிதம்

பழைய வண்டி வாங்கச் சென்றால் முதலில் கேட்க வேண்டியது ‘பெட்ரீப்ஸ்எர்லௌப்னிஸ்’, அதாவது இந்த வண்டி சாலையில் ஓடலாம் என்ற அனுமதிப் பத்திரம். நம் ஆர்.சி. புத்தகத்தின் இடத்தில் இருப்பது இதுதான். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். “பத்திரம் வீட்டில் எங்கோ இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்” என்று சொன்ன ஒருவரிடம் நான் முன்பணம் கொடுத்து ஏமாந்தேன். பத்திரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. அந்தப் பணத்தைச் சேர்க்க எனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பது எனக்குத்தான் தெரியும். பத்திரம் கையில் இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

அடுத்து, ஓட்டிப் பாருங்கள். சமதளச் சாலையில் கைபேசியின் ஜிபிஎஸ் 60, 65 என்று காட்டினால் மகிழாதீர்கள். வேகக் கட்டுப்பாட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை ஏஎம் உரிமத்தில் ஓட்டுவது உரிமமின்றி ஓட்டுவதற்குச் சமம். அது குற்றம், விசா நீட்டிப்பின்போதும் வந்து நிற்கக்கூடியது. விதிவிலக்கு ஒன்று உண்டு: கிழக்கு ஜெர்மனியின் சிம்சன் வண்டிகள். 1992 பிப்ரவரி இறுதிக்குள் பயன்பாட்டுக்கு வந்த பழைய சிம்சன்கள், இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது செய்த ஒப்பந்தத்தின் பயனாக, இன்றும் 60 கிலோமீட்டர் வேகத்தில் சட்டப்படியே ஓடுகின்றன. இந்தப் பக்கத்து இளைஞர்கள் அவற்றைத் தேடித்தேடி வாங்குவது அதனால்தான்.

விலை ஒத்துவந்தால், இருவர் பெயர், முகவரி, சேசிஸ் எண், தொகை, தேதி, நேரம் எழுதிய விற்பனை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். பத்திரமும் எல்லாச் சாவிகளும் கைக்கு வந்தபின் பணத்தைக் கொடுங்கள்.

படி 3: தகடு வாங்குதல்

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முகவரிடமோ இணையத்திலோ எடுக்கலாம். சேசிஸ் எண், ஜெர்மன் முகவரி, இணையத்தில் எடுத்தால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு ஆகியவை கேட்பார்கள். மூன்று எண்களும் மூன்று எழுத்துகளும் கொண்ட தகடு வரும். அதை மாட்டியபின்தான் வண்டியை வீதிக்கு இறக்கலாம். விற்றவர் வீட்டிலிருந்து நம் வீடுவரை தகடில்லாமல் ஓட்டிவரலாம் என்று நினைக்க வேண்டாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் குற்றமே.

கட்டாயமானது ‘ஹாஃப்ட்ஃப்ளிக்ட்’. நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் அது பணம் தரும். நம் வண்டி திருடுபோனால் ஒரு காசும் வராது. அதற்கு ‘டைல்காஸ்கோ’ சேர்த்து எடுக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் முதல் 150 யூரோவை நாமே ஏற்க வேண்டியிருக்கும். புது வண்டிக்கு இது அவசியம். சில நூறு யூரோ மதிப்புள்ள பழைய வண்டிக்கு நான் எடுக்கவில்லை. 23 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பல நிறுவனங்கள் கூடுதலாக வாங்குகின்றன, ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிய வண்டியால் விபத்து நடந்தால், அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம் 5,000 யூரோ வரை நம்மிடம் திருப்பிக் கேட்கலாம். அடிபட்டவருக்குப் பணம் கிடைப்பது நியாயம்தான். ஆனால் மாதச் சம்பளத்தில் ஊருக்கும் அனுப்புகிறவருக்கு அந்தத் தொகை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

படி 4: மார்ச் 1

இன்சூரன்ஸ் ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கி பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது, தானாகப் புதுப்பிக்கப்படாது. இடையில் எடுத்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் கட்டணம். தகட்டின் எழுத்து நிறம் ஆண்டுதோறும் கறுப்பு, நீலம், பச்சை என்று சுழலும்: 2025-இல் பச்சை, 2026-இல் கறுப்பு, 2027-இல் நீலம். பழைய நிறத்தைக் காவலர் தொலைவிலிருந்தே கண்டுகொள்வார். பிப்ரவரி நடுவிலேயே புதுத் தகட்டை வாங்கி வைத்து, அம்மாதத்தின் கடைசி நாள் இரவு பழையதைக் கழற்றிவிடுங்கள்.