தனியாகத் தொழில் செய்யும் எஸ்கார்ட்டுகள் பணத்தில் கோட்டைவிடும் இடங்கள்

நியூசிலாந்தின் வெலிங்டனில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பாதுகாப்பு, விளம்பரம், வாடிக்கையாளரை எப்படி விசாரிப்பது எல்லாவற்றையும் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பணம் என்று வந்தால் மட்டும் எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகள். இங்கே 2003 சட்டத்துக்குப் பிறகு பாலியல் தொழில் குற்றமல்ல; வரிக் கணக்கில் ஒரு பிளம்பருக்கு உள்ளதுதான் நமக்கும். வரவு செலவு எழுதி வை, வரிக்குத் தனிக் கணக்கு வை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரியும்.

மணிக் கட்டணம் சம்பளம் அல்ல

அறை வாடகை, விளம்பரம், டாக்ஸி, அப்புறம் வராமலே போகப்போகிறவனுக்கு அரை நாள் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம். எல்லாம் அதற்குள்தான்.

60,000 டாலர் கோடு

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. எந்த 12 மாதத்திலாவது வரவு 60,000 டாலரைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். வரவு என்றால் மொத்த வரவு, செலவு போக மிஞ்சுவது அல்ல. அந்த 12 மாதமும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் வரி ஆண்டு அல்ல; எந்த மாதக் கடைசியில் நின்று பின்னோக்கி எண்ணினாலும் கணக்குதான்.

என் தோழி ஒருத்திக்கு ஹோட்டலும் பயணமுமாகப் பாதி வருமானம் போய்விடும். கையில் நிற்பது நாற்பதாயிரம்கூட இல்லை, எனக்கெதற்கு ஜிஎஸ்டி என்று இருந்துவிட்டாள். அவளுடைய கணக்கரும் லாபத்தை மட்டும் பார்த்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார், ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. பிறகு வரித்துறை அவள் பதிவு செய்திருக்க வேண்டிய தேதியிலிருந்தே பதிவைக் கணக்கில் எடுத்தது. அதாவது அவள் வாங்கிய ஒவ்வொரு 460 டாலரிலும் 60 டாலர் அவளுடையது அல்ல என்றாகிவிட்டது. ரொக்கம் கொடுத்துவிட்டுப் போன ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து இன்னும் அறுபது கொடு என்று கேட்க முடியுமா? மேலே வட்டியும் அபராதமும். அறைக்கும் விளம்பரத்துக்கும் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்டிருக்கலாம், ஆனால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று ஹோட்டல் பில்லை லிஃப்டுக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியிலேயே கிழித்துப் போடுவது அவள் வழக்கம். தயவுசெய்து பில்லைப் படமெடுத்து வைத்துவிட்டுக் கிழியுங்கள்.

மாதக் கடைசியில் கடந்த 12 மாத வரவைக் கூட்டுங்கள். ஐம்பதாயிரத்தைத் தொட்டாலே கட்டணத்தை உயர்த்துங்கள். வாடிக்கையாளர் தராத 15 சதவீதத்தை நீங்கள்தான் தர வேண்டியிருக்கும்.

இரண்டாம் வருட ஜனவரி

முதல் வருடம் யாரும் வரி கேட்கமாட்டார்கள், அதுதான் ஆபத்து. வரி 5,000 டாலரைத் தாண்டியிருந்தால் அடுத்த வருடத்துக்கான முன்வரித் தவணைகள் ஆகஸ்ட் 28, ஜனவரி 15, மே 7 என்று வரும். நடுவில் பிப்ரவரி 7 அன்று முதல் வருட வரி முழுவதும். விபத்துக் காப்பீட்டுக்கான ஏசிசி கட்டணம் தனி. ஜனவரியில் ஊரே கடற்கரைக்குப் போயிருக்கும், போன் அடிக்காது.

தள்ளுபடி

வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் அதுதான் உங்கள் விலை.

முன்பணம் வாங்காமல் குயின்ஸ்டவுன் போவது

விமான டிக்கெட் உங்கள் செலவு, அங்கே கூப்பிட்டவன் வராமல் போவது அவன் இஷ்டம்.

கையிருப்பு இல்லாமல் இருப்பது

ஒப்புக்கொண்ட பிறகும், நடுவிலும்கூட, முடியாது என்று சொல்லும் உரிமையை அந்த 2003 சட்டத்தின் 17-ஆம் பிரிவு தருகிறது. வியாழக்கிழமை வாடகை கட்ட வேண்டும், கணக்கில் ஒன்றுமில்லை என்றால் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு ஆள் அனுப்பிய மெசேஜைப் படித்தே பயந்துபோயும், வாடகைக்காக அவனைப் பார்க்கக் கிளம்பிப் போன பெண்ணை எனக்குத் தெரியும். மூன்று மாத வாடகையைத் தொடாமல் வையுங்கள், உடைக்கும் நகைக்கும் முன்னால்.

தற்காலிக விசா

படிப்பு விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி இந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் விசாவே போகலாம், கட்டிய கல்லூரிக் கட்டணமும் சேர்த்து.