காடி இல்லாம பினாங்கு: ஒரே நாள்ல சுத்திப் பாக்குறது எப்படி

கேஎல்லேருந்து (கோலாலம்பூர்) பினாங்குக்கு காடி எடுத்துட்டு வர்றவங்க பாதி நாள பார்க்கிங் தேடியே ஓட்டிடுறாங்க. ஜார்ஜ் டவுனுக்குள்ள எல்லாம் மாட்டு வண்டி காலத்து ரோடு, அதுலயும் பாதி ஒன் வே, லீவு நாளுன்னா பாலத்து மேலயே ஜேம் ஆரம்பிச்சிடும். காடி இல்லாதவங்களுக்குத்தான் இந்த ஊரு ஈஸி. ஆனா ஒண்ணு, எங்க முதல்ல போறது எங்க அப்புறம் போறதுன்னு முடிவு பண்ணும்போது மேப்ப பாக்காதீங்க, வெயில பாருங்க. காலைல கொடிமலை (பினாங் ஹில்), வெயில் ஏறினதும் டவுனு, சாயந்தரம் தண்ணிமலை முருகன் கோயில். இத மாத்திப் போட்டா அதே பஸ்ஸு அதே இடம்தான், ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு புள்ளைங்க எல்லாம் ரோட்டோரம் உக்காந்துடும்.

முதல்ல வந்து சேர்ற வழி. கேஎல்ல டிபிஎஸ் பஸ் ஸ்டேசன்லேருந்து ராத்திரி பஸ்ஸு எடுங்க, டிக்கெட் வாங்கும்போது பட்டர்வொர்த்னு பாத்து வாங்குங்க. சுங்கை நிபோங்குக்கும் பஸ்ஸு இருக்கு, அது தீவுக்குள்ளயே இருக்கேன்னு தோணும், ஆனா அங்க இறங்கினா டவுனுக்கு வர்றதுக்கு இன்னொரு பஸ்ஸு புடிக்கணும். பட்டர்வொர்த்ல பினாங் சென்ட்ரல்ல இறங்கினா நடந்தே தீவுக்குப் போற பெர்ரிக்குப் போயிடலாம். ஈடிஎஸ் ரயிலும் அங்கயேதான் வந்து நிக்கும், கேஎல் சென்ட்ரல்லேருந்து நாலு மணி நேரம் கிட்ட ஆகும், சொகுசாத்தான் இருக்கும், ஆனா காலைல கெளம்பி வந்து சேரும்போது வெயில் உச்சிக்குப் போயிடும், ஒரு நாள் கணக்குக்கு அது சரி வராது. பெர்ரி இப்ப 2023ல வந்த புதுசு, காடியே ஏத்தாது, ஆளுங்களும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும்தான். காசா குடுக்க முடியாது, டச் அண்ட் கோ கார்டுல பணம் ஏத்தி வச்சுக்குங்க. ஏறினதும் கடைசி பெர்ரி எத்தன மணிக்குன்னு காலைலயே பாத்து வச்சுட்டா ராத்திரி அலைய வேண்டாம்.

தீவுப் பக்கம் இறங்கினா பக்கத்துலயே ரேப்பிட் பினாங் பஸ் ஸ்டேசன். பஸ்ஸு ஏற முன்னாடி பசியாறணும்னா லிட்டில் இந்தியா பொடி நடைதான், லெபோ பாசார் பக்கம் போனா காலைலயே தோசைக்கல்லு சூடாயிருக்கும். அங்கயே ஒரு தே வாங்கிக் குடிச்சிட்டு சில்லறை மாத்திக்குங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா காசு குடுத்து ஏறினா பஸ் டிரைவர் மிச்சம் தரமாட்டாரு. அவரு பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும், போற இடத்த சொன்னா எவ்வளவுன்னு சொல்வாரு, அத அப்படியே போட வேண்டியதுதான், பத்து வெள்ளி நோட்ட போட்டா பத்து வெள்ளியும் போச்சு. டவுனச் சுத்தி எல்லாம் மூணு வெள்ளிக்குள்ளயே முடிஞ்சிடும். இன்னொண்ணு, நடுவுல ஸ்டாப்புல நின்னு ஏறுறவங்க கைய நீட்டணும், சும்மா போன பாத்துட்டு நின்னா அவரு போயிட்டே இருப்பாரு.

கொடிமலைக்கு 204. பெர்ரி வந்து நிக்கிற ஜெட்டிலேருந்து டவுன்ல இருக்கிற கொம்தார் கட்டடம் வழியா ஆயர் ஈத்தாம் போயி மலை ரயில் ஸ்டேசன் வாசல்லயே முடியும், தூங்கிட்டா கூட பரவால்ல, கடைசி ஸ்டாப்பு அதுதான். ரயிலு காலைல 6.30க்கே ஓட ஆரம்பிச்சிடும், எட்டு மணிக்குள்ள போயிட்டா நல்லது, ஸ்கூல் லீவுன்னா பத்து மணிக்கு மேல லைன் படிக்கட்டு தாண்டி நிக்கும். ஐசி (அடையாள கார்டு) எடுத்துட்டுப் போங்க, நம்மளுக்கு ஒரு வெல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வெல, ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம். ஊர்லேருந்து சொந்தக்காரங்கள கூட்டிட்டு வந்தா அதையும் கணக்கு போட்டுக்குங்க. 1923ல ஓட ஆரம்பிச்ச லைன் இது, முந்தி நடுவுல எறங்கி வேற பெட்டி மாறணும், அர மணி நேரம் ஆடி ஆடிப் போகும், இப்ப உள்ளது சர்ருன்னு ஏறிடும். ஏறும்போது கீழ்ப்பக்கம் கடைசி கண்ணாடிகிட்ட நில்லுங்க, ஊரு அப்படியே கால்கிட்டேருந்து விலகிப் போறது தெரியும்.

மேல டவுன விட நல்லாவே குளுரும். முருகன் கோயில் ஒண்ணு இருக்கு, பக்கத்துலயே பள்ளிவாசல். கோயில் வெளிய நின்னு பாத்தா ரெண்டு பாலத்துல ஒண்ணு, பட்டர்வொர்த், மேகம் இல்லன்னா கெடா பக்கம் ஜெராய் மலை வரைக்கும் தெரியும். காசு குடுத்துப் பாக்குறதுக்கும் மேல நெறைய வச்சிருக்காங்க, என்னைக் கேட்டா தேவையில்ல, ரோட்டோரமா ஒரு நடை நடந்தாலே போதும். பத்தரைக்கெல்லாம் கீழ எறங்கிடுங்க.

அதே 204ல திரும்பும்போது ஆயர் ஈத்தாம்ல எறங்கினா கெக் லோக் சி சீனக் கோயில். கோபுரத்த நல்லா கவனிங்க, அடி சீனப் பாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா, 1930ல கட்டி முடிச்சது. மேல 30 மீட்டருக்கும் மேல குவான் யின் வெண்கலச் சிலை. படி அதிகம், முட்டி வலிக்கிறவங்க கீழயே ஆமைக் குளத்தோட நிறுத்திக்கலாம். வெளிய அசாம் லக்சா மணக்கும், முழுக்க மீன் குழம்புதான், சைவம் சாப்புடுறவங்க மோந்து பாத்துட்டு நகர்ந்துடுங்க.

மத்தியானம் கொம்தார்ல எறங்குங்க. சாப்பாடு பினாங் ரோட்டுப் பக்கம் நாசி கண்டார்தான், நம்ம தமிழ் முஸ்லிம்ங்க தோள்ல காவடி மாதிரி கம்பு கட்டி சுமந்து வித்த சோறு. ஹமீதியா கடை 1907லேருந்து இருக்கு. குழம்பு ஒண்ணு மட்டும் கேக்காதீங்க, "கலந்து ஊத்துங்கண்ணே"ன்னு சொல்லணும், கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கொஞ்சம் தாளிச்சான்னு ஒண்ணு மேல ஒண்ணு ஊத்தி சோறு மூழ்கிடும், அந்த கலவைலதான் விஷயமே இருக்கு. முடிச்சிட்டு கெங் குவீ சந்துல செண்டோல், உக்கார இடம் தேடாம கிண்ணத்த கைல வாங்கி சுவத்தோரமா நின்னே குடிங்க, எல்லாரும் அப்படித்தான். சைவம்னா லிட்டில் இந்தியா வரைக்கும் பசிய தாங்கிக்குங்க, இலை சாப்பாடு இருக்கு.

ரெண்டு மணிலேருந்து நாலரை வரைக்கும் டவுன நடந்தே பாக்கணும். காக்கி லீமா, அதான் கடை முன்னால கூரை போட்ட நடைபாதை, இருக்கிற பக்கமா போனா வெயிலும் படாது, மழ வந்தாலும் நனைய மாட்டீங்க. செப்டம்பர் அக்டோபர்ல சாயந்தர மழ வெளுத்து வாங்கும், குடை கட்டாயம். கால் வலிச்சா டவுனுக்குள்ள சுத்துற கேட் பஸ்ஸு ஃப்ரீ. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ல காதர் முகைதீன் ஆரம்பிச்சது, அங்கேருந்து கூப்பிடு தூரத்துல குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், 1833. மத்தியானம் நடை சாத்தியிருக்கும், கோபுரத்த பாத்துட்டு போயிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு இந்தப் பக்கம் வரும்போது உள்ள போயி கும்பிட்டுக்கலாம். சூலியா ஸ்திரீட் முக்குல நாகூர் தர்கா, சின்னதுதான், நெறைய பேரு கவனிக்காம தாண்டிப் போயிடுவாங்க. ஆர்மேனியன் ஸ்திரீட்ல சைக்கிள் புள்ளைங்க படம் 2012ல வரைஞ்சது, போட்டோ எடுக்க லைன் நிக்கும். அதுக்கு நிக்கிற நேரத்துல சியூ ஜெட்டி போயிடுங்க, கடல்ல கம்பு ஊனி கட்டின வீடுங்க, இன்னும் குடும்பங்க இருக்கு, அதனால சன்னல்ல எட்டிப் பாக்காதீங்க.

அஞ்சு மணிக்கு தண்ணிமலை. பஸ்ஸு 10 அந்தப் பக்கம் போகும், ஆனா அடிக்கடி வராது, நாலு பேரா இருந்தா கிராப் புடிச்சா பங்கு போட்டு பெரிய செலவு ஆகாது, இந்த ஒரு இடத்துக்கு மட்டும் கிராப் எடுங்கன்னு நானே சொல்வேன். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, இப்ப இருக்கிற பெரிய கோயிலு 2012ல கும்பாபிஷேகம் ஆனது. வெயில் சாஞ்சப்புறம் ஏறினா மூச்சு வாங்கினாலும் நின்னு நின்னு ஏறிடலாம். அதே ரோட்டுல கீழ நகரத்தார் கோயில், தைப்பூசத்துக்கு பினாங் ஸ்திரீட் கோயில் வீட்டுலேருந்து வெள்ளி ரதம் அங்கதான் வந்து சேரும். தைப்பூசத்தன்னிக்கு மட்டும் இந்த பிளான் வேலைக்காகாது, ரோடெல்லாம் அடைச்சிடுவாங்க, அன்னிக்கு வந்தா தண்ணிமலை மட்டும்தான்.

பத்து பெரிங்கி பீச்ச ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. 101ல போகவே ஒரு மணி நேரம் ஆகும், இத்தனைய பாத்துட்டு அங்கயும் ஓடினா ஒண்ணும் பாத்த மாதிரி இருக்காது. ரெண்டாவது நாள் தங்குறீங்கன்னா அப்ப செய்யுங்க, 101ல தெலுக் பாஹாங் வரைக்கும் போயி, அங்கேருந்து 501ல மலை தாண்டி பாலிக் பூலாவ், திரும்ப 401இ புடிச்சா தீவையே ஒரு சுத்து சுத்தி டவுனுக்கு வந்துடலாம். ஜூன் ஜூலைன்னா பாலிக் பூலாவ்ல டுரியான் கொட்டிக் கெடக்கும். 501 மட்டும் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுதான் வரும், தெலுக் பாஹாங்ல எறங்கின உடனே அடுத்தது எப்பன்னு டிரைவர்கிட்ட கேட்டுட்டு அப்புறமா கடல் பக்கம் போங்க.