பைவட் டேபிளின் பிடிவாதங்களைத் தளர்த்தும் வழி

எக்செலில் பைவட் டேபிளுக்கு (தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணைக்கு) வெளியே ஒரு கட்டத்தில் சமக்குறியிட்டு, விற்பனைத் தொகை உள்ள பி5 கட்டத்தைச் சொடுக்கினால், பி5 என்று வருவதற்குப் பதிலாக ‘கெட்பைவட்டேட்டா’ என்று தொடங்கும் நீண்ட சூத்திரம் வந்து விழும். அந்த வரியின் பெயர் சூத்திரத்திற்குள்ளேயே மேற்கோளில் பதிந்துவிடுவதால், கீழே இழுத்தால் எல்லா வரிகளிலும் ஒரே தொகைதான் திரும்பத் திரும்ப வரும்.

இதை நிறுத்த, பைவட் டேபிளுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தைச் சொடுக்கி, மேலே தோன்றும் ‘பைவட்டேபிள் அனலைஸ்’ தாவலின் இடது ஓரத்தில் உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானையொட்டிய சிறு அம்புக்குறியைத் திறந்து, ‘ஜெனரேட் கெட்பைவட்டேட்டா’ என்பதன் டிக்கை எடுத்துவிட வேண்டும். பொத்தானையே சொடுக்கினால் வேறொரு பெட்டி திறக்கும்; அதில் இந்த வசதி இல்லை. அன்றாடம் தேவைப்படும் ஒன்றை அம்புக்குறிக்குள் ஒளித்து வைத்ததை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. முன்பே எழுதிய சூத்திரங்கள் தாமாக மாறா. அவற்றை மீண்டும் எழுத வேண்டும். (டேபிளின் வரிகள் இடம் மாறினாலும் சரியான தொகையையே எடுத்துத் தருவதால், நிலையான அறிக்கைகளுக்கு அந்தச் சூத்திரம் உண்மையில் நல்லதே.)

வேறொரு பெட்டி என்றோமே, அதற்கும் வேலை உண்டு. ஒவ்வொரு ரெஃப்ரெஷின்போதும் நீங்கள் சரிசெய்த நெடுவரிசை அகலம் கலைவதைத் தடுக்க, அதன் ‘லேஅவுட் அண்ட் ஃபார்மேட்’ பகுதியில் ‘ஆட்டோஃபிட் காலம் விட்த்ஸ் ஆன் அப்டேட்’ என்பதன் டிக்கை எடுக்கவும். மூலத் தரவிலிருந்து நீக்கிய பெயர்கள் வடிகட்டிப் பட்டியலில் இன்னமும் தலைகாட்டினால், அதே பெட்டியின் ‘டேட்டா’ பகுதியில் தக்கவைக்கும் உருப்படிகளின் எண்ணிக்கையை ‘நன்’ (None) என்று மாற்றி, ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்தால் போதும்.