தாலிடோமைடு சாப்பிடும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரமாவது கழித்து, படுக்கப் போகும்போது கேப்சூலை முழுதாகத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மருந்து தூக்கத்தை இழுக்கும். அதனால்தான் இரவு வேளை. மறுநாள் மயக்கம் தெளியாமல் வண்டி எடுக்கக் கூடாது. கேப்சூலைப் பிரிக்கவே கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தொடவும் வேண்டாம்.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக வந்த மருந்து இது. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் பல்லாயிரம் குழந்தைகள் பிறந்த பிறகே, 1961-இல் அங்கே நிறுத்தினார்கள். கருவின் கை கால் உருவாகும் நாட்களில் ஒரே ஒரு வேளை மருந்துகூடப் போதும், அந்தக் கொடுமை நடக்க.

ஆகவே கருத்தரிக்கக் கூடிய பெண்கள், தொடங்கும் முன் நான்கு வாரம், சாப்பிடும் காலம் முழுதும், நிறுத்திய பின் நான்கு வாரம் கருத்தடையைக் கைவிடக் கூடாது. கர்ப்பப் பரிசோதனை முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும். விந்திலும் மருந்து கலப்பதால் ஆண்களுக்கு ஆணுறை கட்டாயம், வாசக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவை செய்திருந்தாலும். ரத்த தானம் கூடாது.

இன்று இது மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்கும், தொழுநோயில் காய்ச்சலோடு வலிக்கும் சிவந்த கட்டிகளுக்கும் பயன்படுகிறது.

மலச்சிக்கல் சமாளிக்கக் கூடியது. விரல் நுனியில் மரத்துப்போதல், எரிச்சல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.