காட்லாந்து போகிறவர்கள் மதிலுக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள்

ஒவ்வொரு கோடையிலும் நண்பர் யாராவது காட்லாந்து போய்வந்து, "விஸ்பி ரொம்ப அழகு, ரெண்டு நாள்ல எல்லாம் பார்த்தாச்சு" என்கிறார். முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். பால்டிக் கடலில் ஸ்வீடனுக்குச் சொந்தமான மிகப் பெரிய தீவு காட்லாந்து. பரப்பு 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நான் பார்த்ததோ விஸ்பி என்ற ஒரே ஊர். அங்கே போகிறவர்கள் செய்யும் தவறுகள் இவை.

கார் இல்லாமல் கப்பலேறுவது

பணம் மிச்சமாகட்டும் என்று ஆள் டிக்கெட் மட்டும் எடுத்தேன். இறங்கியபின் வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிராமத்துப் பஸ் நாளுக்குச் சில தடவைதான். மிச்சம் பிடித்ததைவிட டாக்சிக்கு அதிகம் போனது. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. காசுக்காக அல்ல, தீவின் கதை மதிலுக்கு வெளியே கிடக்கிறது என்பதால்.

விஸ்பியைச் சுற்றி சுமார் 3.4 கிலோமீட்டர் மதில். உள்ளே ஹான்சா என்ற வட ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள். அவர்களுக்கு முன்பே கடல் வாணிகத்தில் செல்வம் சேர்த்தவர்கள் கிராமத்து விவசாயிகள். 1999இல் ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் தோண்டியெடுத்த வைக்கிங் கால வெள்ளி மட்டும் 67 கிலோ! கிராமங்களில் 90க்கும் மேற்பட்ட இடைக்காலத் தேவாலயங்கள் எழுந்ததும் விவசாயிகளின் அந்த வளத்தால்தான். 1288இல் நகரத்துக்கும் கிராமங்களுக்கும் போரே மூண்டது. 1361இல் டென்மார்க் மன்னர் வால்டெமார் படையோடு வந்தபோது நகரத்தார் மதிலுக்குள் இருந்துகொண்டார்கள். வெளியே சுமார் 1,800 விவசாயிகள் மாண்டார்கள். பிறகு நகரம் சரணடைந்தது. மாண்ட விவசாயிகளைப் புதைத்த இடத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. மதிலிலிருந்து நடந்தே போகலாம், போகிறவர்கள்தான் குறைவு.

ஜூலையில் போவதென்றால், கப்பலில் காருக்கான இடத்தைச் சில மாதங்கள் முன்பே பதிந்துவிடுங்கள்.

ஃபோரோவைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

ஃபோரோ பக்கத்துச் சிறு தீவு. விஸ்பியிலிருந்து வடக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் போய், இலவசப் படகில் கடக்க வேண்டும். கோடையில் அதற்கும் வரிசை. லாங்ஹம்மார்ஸ் கரையில் ஆளுயரத்தை மிஞ்சிய சுண்ணாம்புக்கல் தூண்கள் நிற்கின்றன, 'ரவுக்' என்பார்கள். 40 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைப் பக்கம் வெதுவெதுப்பான கடலடியில் கிடந்தபோது உருவான பாறை. அலை அரித்தது போக மிஞ்சியது. சாயங்கால வெயிலில் பாருங்கள்.

ரவுக் மேல் ஏறுவது

ஏறாதீர்கள்.

செப்டம்பருக்குப் பின் சாப்பாட்டுக்குக் கடையை நம்புவது

விஸ்பியைத் தாண்டினால் பல கடைகள் சாத்தியிருக்கும். கட்டுச்சோறு எடுத்துப்போங்கள். அரிசிக் கஞ்சியில் குங்குமப்பூ சேர்த்துச் சுட்ட பான்கேக் எங்காவது கண்ணில் பட்டால் மட்டும் வண்டியை நிறுத்திவிடுங்கள்.